பயணச்சீட்டு விற்கும் நிலையக் கடை

பயணச்சீட்டு விற்கும் நிலையக் கடை என்பது, தொடர்வண்டி நிலையத்திலோ அதன் அருகிலோ அமைந்து, செய்தித்தாள், தின்பண்டம், குடிநீர் முதலிய அன்றாடப் பொருள்களையும் தொடர்வண்டிப் பயணச்சீட்டையும் ஒரே இடத்தில் விற்கும் கடையாகும். தனிப் பயணச்சீட்டு அலுவலகம் நடத்தும் அளவுக்குப் பயணிகள் இல்லாத நிலையங்களில், பயணச்சீட்டு முகப்பை மூடிவிடாமல் திறந்து வைத்திருப்பதற்கான வழிகளுள் ஒன்றாக இம்முறை கருதப்படுகிறது. இங்கிலாந்து, நெதர்லாந்து, சப்பான் ஆகிய நாடுகளில் இதன் வெவ்வேறு வடிவங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன.

இந்தியாவில் நிலையக் கடையும் பயணச்சீட்டு விற்பனையும் நெடுங்காலமாகத் தனித்தனி உரிமங்களின் கீழ் இயங்கி வந்துள்ளன. எனினும் நிறுத்த முகவர், நிலையப் பயணச்சீட்டு முகவர், ஜன் சாதாரண் டிக்கெட் புக்கிங் சேவக் போன்ற ஏற்பாடுகள் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று நெருங்கச் செய்துள்ளன. தமிழ்நாட்டின் தென்காசி, குற்றாலம் பகுதி இம்முறையின் தேவையையும் வரம்பையும் விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டாகும். இங்கே பயணிகள் திரளும் ஊர் ஒன்று. தொடர்வண்டி நிற்கும் ஊர் மற்றொன்று.

வரையறை

நிலையத்தில் கடை இருப்பதால் மட்டும் அது இவ்வகையில் அடங்காது. பின்வரும் மூன்று கூறுகளும் சேர்ந்திருக்க வேண்டும்.

* பயணச்சீட்டையும் பொருளையும் விற்பவர் ஒருவரே, அல்லது ஒரே உரிமையாளரின் பணியாளர்கள்.
* பயணச்சீட்டு விற்பனை, தொடர்வண்டி நிருவாகத்தின் முறையான ஒப்புதலுடன் நடைபெறுகிறது.
* கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் பயணச்சீட்டும் கிடைக்கிறது.

இவற்றுள் மூன்றாவது கூறே பயணிக்கு முதன்மையானது. தனி அலுவலகம் இரண்டு வண்டிகளுக்கு மட்டும் திறந்து மூடப்படலாம். கடையோ வண்டி இல்லாத நேரத்திலும் வணிகம் நடப்பதால் திறந்தே இருக்கும். அவ்வாறு திறந்திருக்கும் கடை, நிலையத்தில் விளக்கும் ஆளரவமும் இருக்கச் செய்கிறது. இரவு வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் இது சிறு நன்மையன்று.

வரலாறு

தொடர்வண்டி நிலையக் கடை, தொடர்வண்டிப் போக்குவரத்தின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டது. இலண்டனின் இயூசுட்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். சுமித் நிறுவனம் 1848 ஆம் ஆண்டு புத்தகக் கடையைத் திறந்தது. இந்தியாவில் 1877 ஆம் ஆண்டு அலகாபாத்தில் தோன்றிய ஏ. எச். வீலர் நிறுவனம் வட இந்திய நிலையங்களிலும், 1844 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட இக்கின்பாதம்சு நிறுவனம் தென்னிந்திய நிலையங்களிலும் புத்தகக் கடைகளை நடத்தின. இக்கடைகள் எவையும் பயணச்சீட்டு விற்கவில்லை. பயணச்சீட்டு, நிலைய அதிகாரியின் அல்லது பதிவு எழுத்தரின் பொறுப்பிலேயே இருந்தது.

பயணச்சீட்டு விற்பனை வெளியார் கைக்குச் சென்றது இரண்டு இடங்களில் ஆகும். ஒன்று, நிலைய அதிகாரி இல்லாத சிறு நிறுத்தங்கள். மற்றொன்று, இருப்புப்பாதை எட்டாத ஊர்களில் ஒப்பந்தக்காரர் நடத்திய வெளி முகவரகங்கள். தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் இத்தகைய முகவரகம் இயங்கியது. பயணி தன் ஊரிலேயே பயணச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, சாலை வழியாக நிலையத்தை அடையலாம் என்பதே வெளி முகவரகத்தின் அடிப்படைக் கருத்து.

அட்டைச் சீட்டுகள் வழக்கில் இருந்தவரை, ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக அச்சிட்ட சீட்டுகளை அடுக்கி வைக்க வேண்டியிருந்தது. அவற்றை எண் வரிசைப்படி கணக்குக் காட்டவும் வேண்டும். பெட்டிக்கடை நடத்துபவர் இந்தச் சுமையை ஏற்பது கடினம். 2002 ஆம் ஆண்டு தில்லிப் பகுதியில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த கணினிவழி முன்பதிவற்ற பயணச்சீட்டு முறை இந்நிலையை மாற்றியது. ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி, ஓர் இணைப்பு ஆகியவை இருந்தால் எந்த ஊருக்கும் சீட்டு அச்சிடலாம் என்றானதும், கடைக்காரர் பயணச்சீட்டு விற்பதற்கு இருந்த தொழில்நுட்பத் தடை நீங்கியது. எஞ்சியவை சட்டமும் வருமானமும் ஆகும்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் இப்பொருளை 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் ஆள்கிறது. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள் இங்கே கருதத்தக்கவை. 143 ஆம் பிரிவின்படி, இரயில்வே ஊழியரோ முறையாக அனுமதி பெற்ற முகவரோ அல்லாத ஒருவர் பயணச்சீட்டு வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வது குற்றமாகும். இதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையோ 10,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இணையவழிச் சீட்டுகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என 2025 ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 144 ஆம் பிரிவு, உரிமம் இன்றி நிலையத்திலோ வண்டியிலோ எப்பொருளையும் விற்பதைத் தடை செய்கிறது.

ஆகவே நடைமேடையில் தேநீர் விற்பவருக்கு ஓர் உரிமம் வேண்டும். பயணச்சீட்டு விற்பவருக்கு வேறோர் அனுமதி வேண்டும். முதலாவதில் விற்பவர் இரயில்வேக்கு உரிமக் கட்டணம் செலுத்துகிறார். இரண்டாவதில் விற்பவர் இரயில்வேயிடமிருந்தோ பயணியிடமிருந்தோ சிறு தொகை பெறுகிறார். பணம் எதிரெதிர்த் திசைகளில் செல்வதாலேயே இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் அடங்குவது எளிதாக இல்லை.

பயணியின் நிலையையும் இச்சட்டமே வரையறுக்கிறது. 138 ஆம் பிரிவின்படி, பயணச்சீட்டின்றிப் பயணம் செய்பவர் பயணக் கட்டணத்துடன் கூடுதல் தொகையும் செலுத்த வேண்டும். அக்கூடுதல் தொகை, பயணக் கட்டணத்திற்குச் சமமானது அல்லது 250 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அதுவாகும். சாதாரண வண்டியின் குறைந்த கட்டணமான 10 ரூபாய்ச் சீட்டு வாங்க இயலாமல் போனவர் 260 ரூபாய் செலுத்த நேரிடும் என்பது இதன் பொருள். சீட்டுப் பெற இயலாதவர் உரிய ஊழியரின் அனுமதியுடன் வண்டியில் ஏறிச் சான்று பெறுவதற்கு 55 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் சிறு நிலையத்தில் ஒரு நிமிடமே நிற்கும் வண்டியில், கடைசிப் பெட்டிவரை சென்று சான்று பெற்றுப் பின்னர் இடம் தேடுவது எல்லோருக்கும் இயல்வதன்று. பயணச்சீட்டு முகப்பு மூடப்படுவதன் சுமை, இவ்வாறு பயணியின் மேல் இறங்குகிறது.

இந்தியாவில் உள்ள வடிவங்கள்

நிறுத்த முகவர்: இரயில்வே ஊழியர் இல்லாத நிறுத்தங்களில் உள்ளூர்வாசி ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் சீட்டு விற்கிறார். முகவர் அருகிலுள்ள பெரிய நிலையத்தில் பணம் செலுத்திச் சீட்டுகளைப் பெற்று வந்து விற்பார். விற்பனைத் தொகையில் ஒரு பங்கு அவருக்குத் தரகாகக் கிடைக்கும். வண்டி வரும் வேளையில் மட்டும் வந்து சீட்டுக் கொடுத்துவிட்டு, மற்ற நேரங்களில் வேளாண்மையோ கடையோ பார்ப்பது இம்முகவர்களிடம் காணப்படும் வழக்கம்.

நிலையப் பயணச்சீட்டு முகவர்: பயணிகள் குறைந்த சிறு நிலையங்களில், நிலையக் கட்டடத்திலேயே அமர்ந்து கணினிவழிச் சீட்டு வழங்கத் தனியார் முகவர் அமர்த்தப்படுகிறார். இவருக்கும் விற்பனைக்கேற்பத் தரகு உண்டு. இதனால் நிலைய அதிகாரி வண்டிகளை இயக்கும் பணியில் மட்டும் கருத்தூன்ற முடிகிறது.

ஜன் சாதாரண் டிக்கெட் புக்கிங் சேவக்: 2000களின் பிற்பகுதியில் பரவிய இத்திட்டத்தில், நிலையத்திற்கு வெளியே ஊருக்குள் முகவரின் சொந்த இடத்தில் முன்பதிவற்ற சீட்டு விற்கப்படுகிறது. முகவர் முன்பணம் செலுத்துகிறார். விற்கும் ஒவ்வொரு சீட்டின் கட்டணமும் அதிலிருந்து கழிக்கப்படும். பயணி ஒருவருக்கு 1 ரூபாய் என்னும் சிறு தொகையே முதலில் சேவைக் கட்டணமாக வகுக்கப்பட்டது. நகலெடுக்கும் கடை, இணைய மையம், பயண முகவரகம் முதலியவற்றோடு சேர்ந்தே இவை நடத்தப்படுவதால், 'கடையோடு இணைந்த பயணச்சீட்டு முகப்பு' என்னும் கருத்துக்கு இந்தியாவில் மிக நெருங்கிய வடிவம் இதுவே எனலாம்.

யாத்ரி டிக்கெட் சுவிதா கேந்திரா: 2014 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இம்மையங்கள் முன்பதிவுச் சீட்டையும் முன்பதிவற்ற சீட்டையும் வழங்குகின்றன. தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு முன்பதிவுக்கு 30 ரூபாயும் மேல் வகுப்புகளுக்கு 40 ரூபாயும் சேவைக் கட்டணமாக நிறுவப்பட்டன.

அஞ்சலகங்கள்: தேர்ந்தெடுக்கப்பட்ட அஞ்சலகங்களில் தொடர்வண்டி முன்பதிவு செய்யும் ஏற்பாடு 2007 ஆம் ஆண்டு முதல் உள்ளது. தொடர்வண்டி எட்டாத ஊர்களுக்கு இது பயன்தருகிறது. ஆனால் அஞ்சலக நேரத்திற்குள் மட்டுமே சேவை கிடைக்கும்.

பல்நோக்குக் கடை: புத்தகக் கடை, மருந்துக் கடை, பிற பொருள்களின் கடை ஆகியவற்றை ஒன்றாக்கி, 2017 ஆம் ஆண்டு இரயில்வே வாரியம் பல்நோக்குக் கடை என்னும் வகையை ஏற்படுத்தியது. ஒரே கடையில் செய்தித்தாளும் தலைவலி மாத்திரையும் பிசுக்கோத்தும் விற்க இது வழி செய்தது. பயணச்சீட்டு இந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

இவற்றை ஒப்பிட்டால் ஓர் இடைவெளி தெரியும். பயணச்சீட்டு விற்கும் கடை நிலையத்திற்கு வெளியே அனுமதிக்கப்பட்டது. பல பொருள் விற்கும் கடை நிலையத்திற்கு உள்ளே அனுமதிக்கப்பட்டது. இரண்டையும் நிலையத்திற்குள் ஒரே கையில் கொடுக்கும் பொதுவான திட்டம் உருவாகவில்லை.

தென்காசி, குற்றாலம் பகுதி

இருப்புப்பாதை

தென்காசி சந்திப்பு, தென்னக இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் உள்ளது. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் செங்கோட்டை வழியாக இணைக்கும் பாதை 1904 ஆம் ஆண்டு முழுமையடைந்தது. விருதுநகரிலிருந்து வரும் பாதை 1927 ஆம் ஆண்டு தென்காசியில் வந்து சேர்ந்ததும் அது சந்திப்பாயிற்று. விருதுநகர்ப் பாதை 2004 ஆம் ஆண்டளவிலும், திருநெல்வேலிப் பாதை 2012 ஆம் ஆண்டும், செங்கோட்டை, புனலூர் இடையிலான மலைப்பாதை 2018 ஆம் ஆண்டும் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டன. சென்னை எழும்பூருக்குச் செல்லும் பொதிகை விரைவு வண்டியும், சென்னைக்கும் கொல்லத்திற்கும் இடையே ஓடும் விரைவு வண்டியும் இவ்வழியே செல்கின்றன. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உருவானதால், இந்நகரம் மாவட்டத் தலைநகராகவும் ஆயிற்று.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பாவூர்சத்திரம், கீழக்கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி முதலிய நிலையங்கள் உள்ளன. இப்பாதையில் நாள்தோறும் பயணம் செய்பவர்களில் மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் சிறு வணிகர்களும் அடங்குவர். இவர்களுக்குத் தேவை முன்பதிவற்ற சாதாரணச் சீட்டும் மாதாந்திரச் சீட்டுமே.

பருவகாலக் கூட்டம்

தென்காசியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ள குற்றாலத்தில் தொடர்வண்டி நிலையம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் முதலிய அருவிகளில் நீராட மக்கள் திரளாக வருகின்றனர். சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்களும் இங்கு நீராடிச் செல்வதால், கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரண்டாவது கூட்டம் வருகிறது. தொடர்வண்டியில் வருவோர் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கி, பேருந்திலோ தானியிலோ குற்றாலம் செல்வர்.

இக்கூட்டத்திற்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்பட்டால், காத்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒரே வேளையில் திரும்புவர். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் இவ்வாறே. மாதத்தின் பிற நாட்களில் போதுமானதாக இருக்கும் முகப்புகள் அந்தச் சில மணி நேரத்திற்குப் போதா. அந்த ஒரு மாலைக்காக ஆண்டு முழுவதும் கூடுதல் எழுத்தர்களை அமர்த்துவதும் நிருவாகத்திற்குக் கட்டுப்படியாகாது. கூட்டத்திற்கேற்ப விரியவும் சுருங்கவும் கூடிய விற்பனை இடங்கள் தேவைப்படுவது இதனாலேயே. சாரல் காலத்தில் குற்றாலக் கடைவீதியில் மங்குசுத்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் வறுவல் விற்கும் கடைகள் பெருகிப் பின் குறைவது போன்ற நெகிழ்ச்சி, பயணச்சீட்டு விற்பனைக்கு இல்லை.

சீட்டின் செல்லுபடிக் காலம்

குற்றாலம் போன்ற ஊரில் கடையில் பயணச்சீட்டு விற்பதற்கு, முன்பதிவற்ற சீட்டின் செல்லுபடி விதி ஒரு வரம்பிடுகிறது. 2016 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 199 கி.மீ. வரையிலான சீட்டை வாங்கிய 3 மணி நேரத்திற்குள், அல்லது அவ்வூருக்குச் செல்லும் அடுத்த வண்டி புறப்படுவதற்குள், இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். 200 கி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட தொலைவுக்கு 3 நாட்களுக்கு முன்னரே சீட்டு வாங்கலாம்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 72 கி.மீ.; மதுரையும் 200 கி.மீ. தொலைவுக்குள் அடங்கும். ஆகவே இவ்வூர்களுக்குத் திரும்புவோர் காலையில் கடையில் சீட்டு வாங்கிவிட்டு, நாள் முழுவதும் அருவியில் கழித்து, மாலை வண்டியில் ஏற முடியாது. நீராடி முடித்துப் புறப்படும்போதே வாங்க வேண்டும். சென்னைக்குத் திரும்புவோருக்கு இத்தடை இல்லை. எனவே அருவிக் கரையில் உள்ள கடையைவிட, பேருந்து நிறுத்தத்தை ஒட்டியோ தென்காசி நிலைய வாயிலிலோ உள்ள கடையே குறுந்தொலைவுப் பயணிக்குப் பயன்படும்.

வருமானக் கணக்கு

சேவைக் கட்டணத்தை மட்டும் நம்பி ஒருவர் முகப்பை நடத்த முடியுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். நாளொன்றுக்கு 300 பயணிகளுக்குச் சீட்டு விற்பதாகவும், பயணிக்கு 1 ரூபாய் கிடைப்பதாகவும் கொள்வோம். நாள் வருமானம் 300 ரூபாய். 30 நாட்களுக்கு 9,000 ரூபாய். கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் 18,000 ரூபாய்தான். இதிலிருந்து கடை வாடகை, மின்கட்டணம், இணைப்புக் கட்டணம், அச்சுப்பொறிப் பழுது ஆகியவை போக எஞ்சுவது ஒருவரின் வாழ்க்கைக்குப் போதுவது கடினம். நாளொன்றுக்கு 60 பயணிகளே உள்ள நிலையத்தில் நிலை இன்னும் மோசம்.

மறுபுறம், அந்த 60 பயணிகளை மட்டும் நம்பித் தின்பண்டக் கடை நடத்துவதும் இயலாது. ஆனால் அதே கடையில் சீட்டும் விற்றால், சீட்டு வாங்க வரும் ஒவ்வொருவரும் கடைக்கு வருகிறார். அவர்களில் சிலர் தண்ணீர்ப் புட்டியோ செய்தித்தாளோ வாங்குவர். வாடகை, விளக்கு, ஆள்கூலி ஆகியவை இரண்டு வணிகங்களுக்கும் பொதுவாகின்றன. இணைப்பின் பொருளியல் அடிப்படை இதுவே. இரண்டு பற்றாக்குறை வருமானங்கள் சேர்ந்து ஒருவருக்குப் போதிய வருமானமாகலாம்.

இக்கணக்கிற்கும் எல்லை உண்டு. சீட்டின் எண்ணிக்கை மிகுந்த பெரிய நிலையத்தில், விற்பவரின் நேரம் முழுவதையும் சீட்டே எடுத்துக்கொள்ளும். அங்கே தனி முகப்பே சிறந்தது. நாளொன்றுக்கு ஒருவரோ இருவரோ ஏறும் நிறுத்தத்தில் எந்தக் கடையும் நிலைக்காது. இடைப்பட்ட நிலையங்களுக்கே இம்முறை பொருந்தும். பருவகாலக் கூட்டத்தை மட்டும் நம்பும் கடைக்கு மாசி முதல் சித்திரை வரையிலான மந்த மாதங்கள் சோதனையாக அமையும். அம்மாதங்களிலும் வருகின்ற உள்ளூர்ப் பயணிகளே கடையைத் தாங்குகின்றனர்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகர்ப்புறத்தில் இயங்கும் மெர்சிரெயில் சேவை, 2003 ஆம் ஆண்டு செர்க்கோ நிறுவனத்திடமும் நெதர்லாந்து அரசு இரயில்வேயின் துணை நிறுவனத்திடமும் கூட்டாக ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் அங்குள்ள சில நிலையங்களில் பயணச்சீட்டு அலுவலகமும் பலசரக்குக் கடையும் இணைக்கப்பட்டு, 'எம் டு கோ' என்னும் பெயரில் திறக்கப்பட்டன. ஒரே பணியாளர் சீட்டும் செய்தித்தாளும் காப்பியும் விற்பது இதன் இயல்பு. நெதர்லாந்தில் சிறு நிலையங்களின் 'விசில்' என்னும் கடைகளில் பயணச்சீட்டு விற்கப்பட்ட முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது.

சப்பானில் ஊழியர் இல்லாத சிறு நிலையங்களின் சீட்டு விற்பனையை உள்ளாட்சி அமைப்பு, வேளாண் கூட்டுறவுச் சங்கம், நிலையத்தின் எதிரிலுள்ள கடை ஆகியவற்றிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. மக்கள்தொகை குறைந்துவரும் சிற்றூர்களில் நிலையக் கட்டடத்தைப் பயன்பாட்டில் வைத்திருக்கவும் இது உதவுகிறது.

முகப்பை இணைப்பதற்கு மாறாக, அறவே மூட முயன்றால் என்ன நேரும் என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. 2023 ஆம் ஆண்டு சூலையில், இங்கிலாந்தின் பெரும்பாலான நிலையப் பயணச்சீட்டு அலுவலகங்களை மூடும் திட்டம் வெளியிடப்பட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 7,50,000 மறுமொழிகள் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அத்திட்டம் கைவிடப்பட்டது.

நன்மைகள்

* முகப்பு நெடுநேரம் திறந்திருக்கும்.
* நிலையத்தில் எப்போதும் ஒருவர் இருப்பதால், வண்டி தாமதம், நடைமேடை மாற்றம் போன்றவற்றைக் கேட்டறியலாம்.
* சீட்டின்றி ஏறும் கட்டாயம் குறைகிறது. நிருவாகத்தின் வருவாய் இழப்பும் குறைகிறது.
* உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொழில் கிடைக்கிறது.
* பயன்பாடற்றுக் கிடக்கும் நிலைய அறைகள் சிதையாமல் பேணப்படுகின்றன.

குறைகளும் எதிர்ப்புகளும்

வரிசை: வண்டி வர இரண்டு நிமிடமே இருக்கையில், முன்னால் நிற்பவர் தேநீரும் வடையும் கேட்டு நின்றால் பின்னால் இருப்பவர் வண்டியைத் தவறவிடுவார். சீட்டு வாங்குவோருக்கு முன்னுரிமை என்னும் விதியும், வண்டி வரும் வேளையில் தனி வரிசையும் இதற்குத் தீர்வாகக் கூறப்படுகின்றன.

சில்லறை: சில்லறை இல்லாதபோது மிட்டாய் கொடுத்து ஈடுகட்டும் கடை வழக்கம் பயணச்சீட்டு விற்பனையில் ஏற்கத்தக்கதன்று. பயணச்சீட்டுத் தொகை அரசுப் பணம். அதில் மீதியைப் பணமாகப் பெறுவது பயணியின் உரிமை. பொருள் வாங்கினால்தான் சீட்டு என்னும் கட்டாயமும் எழக்கூடாது. சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கடையின் முன் தெளிவாக எழுதி வைப்பது பயணிக்குப் பாதுகாப்பு.

அறிவும் பொறுப்பும்: கட்டணச் சலுகைகள், வழிமாற்றம், மாதாந்திரச் சீட்டின் விதிகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற எழுத்தர் அறிவார். கடைப் பணியாளர் அடிக்கடி மாறக்கூடியவர். தவறான சீட்டு வழங்கப்பட்டால் வண்டியில் தண்டம் செலுத்துபவர் பயணியே ஆவார்.

வேலைவாய்ப்பு: நிலையான இரயில்வே பணியிடங்கள் தரகு முறைக்கு மாற்றப்படுவதை இரயில்வே தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஓய்வூதியமும் விடுப்பும் உள்ள பணி, உறுதியற்ற வருமானமாக மாறுகிறது என்பது அவற்றின் வாதம். ஏற்கெனவே முகப்பு இல்லாத நிலையத்தில் முகவர் வருவது வேறு. இயங்கும் முகப்பை மூடிவிட்டு முகவரை வைப்பது வேறு என்னும் வேறுபாட்டை இவ்விவாதத்தில் கருத வேண்டும்.

கைப்பேசிவழிச் சீட்டும் முகப்பின் தேவையும்

முன்பதிவற்ற சீட்டைக் கைப்பேசியில் பெறும் முறை 2014 ஆம் ஆண்டு மும்பையில் அறிமுகமாகி, 2015 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, 2018 ஆம் ஆண்டு நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 2025 சூலை 1 அன்று வெளியிடப்பட்ட 'ரயில்ஒன்' செயலி முன்பதிவுச் சீட்டு, முன்பதிவற்ற சீட்டு, நடைமேடைச் சீட்டு ஆகியவற்றை ஒருங்கே வழங்குகிறது. பெரிய நிலையங்களில் தானியங்கிப் பொறிகளும் நிறுவப்பட்டு, அவற்றை இயக்கிப் பயணிகளுக்குச் சீட்டு எடுத்துத்தர ஓய்வுபெற்ற ஊழியர்கள் முதலானோர் உதவியாளர்களாக அமர்த்தப்பட்டுள்ளனர். பொறி வந்த பின்னரும் அதன் அருகில் ஒருவர் தேவைப்பட்டார் என்பது நோக்கத்தக்கது.

இம்மாற்றங்களால் முகப்பின் தேவை குறைந்துள்ளதே தவிர நீங்கிவிடவில்லை. திறன்பேசி இல்லாதவர், படிக்க இயலாதவர், மின்கலம் தீர்ந்த கைப்பேசியோடு அருவியிலிருந்து திரும்புபவர், மலையடிவாரத்தில் இணைப்புக் கிடைக்காதவர் ஆகியோர் ரொக்கம் கொடுத்தே சீட்டு வாங்குகின்றனர். சீட்டு விற்பனை கைப்பேசிக்கு மாற மாற, முகப்பில் விற்கும் சீட்டின் எண்ணிக்கை குறையும். அப்போது அதை மட்டும் நம்பியுள்ள முகவரின் வருமானமும் குறையும். எஞ்சியிருக்கும் பயணிகளுக்காக முகப்பைத் திறந்து வைக்க வேண்டுமானால், அதை நடத்துபவருக்கு வேறு வருமானம் இருந்தாக வேண்டும். நிலையக் கடையோடு இணைக்கும் யோசனை, கைப்பேசிக் காலத்திலும் வலுவிழக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அம்ரித் பாரத் நிலையத் திட்டத்தின் கீழ்த் தென்காசி, அம்பாசமுத்திரம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் உள்ளிட்ட நிலையங்கள் மேம்பாட்டிற்குத் தேர்வாகியுள்ளன. காத்திருப்புக் கூடம், கடைகள், சீட்டு முகப்பு ஆகியவற்றின் இட அமைப்பு இத்தகைய மேம்பாட்டின்போதே முடிவாகிறது. இடைப்பட்ட சிறு நிலையங்களில் கடைக்கும் முகப்புக்கும் ஒரே அறையை ஒதுக்குவதா, தனித்தனியே ஒதுக்குவதா என்பது அங்கு நாள்தோறும் 10 ரூபாய்ச் சீட்டுக்கு வந்து நிற்கும் பயணியைப் பாதிக்கும் முடிவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* தென்காசி சந்திப்பு தொடர்வண்டி நிலையம்
* குற்றாலம்
* கொல்லம் - செங்கோட்டை இருப்புப்பாதை
* தென்னக இரயில்வே
* இக்கின்பாதம்சு